செவ்வாயில் ஒரு கிணறு

இரண்டு ஆண்டுகளுக்கு முன்னர், பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவனின் கட்டுரைக் கொப்பியில் நான் சிவப்பு மையினால் மூன்று சொற்களை எழுதினேன்: "நம்பத்தகாதது, வாழ்வோடு தொடர்பற்றது." அவற்றின் மேலே இருபதுக்கு எட்டு என்று புள்ளியும் இட்டேன். அந்த மூன்று சொற்களும் பிழை என்பதனை உணர்வதற்கு எனக்கு ஏறத்தாழ ஓராண்டு சென்றது. அவை ஏன் பிழை என்பதனை விளங்கிக்கொள்வதற்கோ, பல்கலைக்கழகத்தில் நான் ஒருபோதும் தொட்டிராத சில நூல்களைத் தேடிப் படிக்க வேண்டியதாயிற்று. அந்த அனுபவத்தையே இங்கு எழுத முற்படுகிறேன். என்னைப் போன்று தமிழ் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கும், இலக்கியம் மக்களுக்கானது என்று நம்பும் மாணவ நண்பர்களுக்கும் இஃது ஓரளவாவது பயன்படக்கூடும்.

அன்று நான் கொடுத்த தலைப்பு "நான் கண்ட கனவு" என்பதாகும். வகுப்பிலிருந்தோரிற் பெரும்பாலானோர் வைத்தியராகவும் பொறியியலாளராகவும் கனவு கண்டிருந்தனர். சென்ற ஆண்டு மாணவர்கள் கண்டவையும் அதே கனவுகள்தாம். இவன் மாத்திரம் செவ்வாய்க் கிரகத்தைக் கனவு கண்டிருந்தான். அவனுடைய செவ்வாயில் ஆறுகள் இல்லை; கிணறுகளே உண்டு. பெரிய நீரிறைக்கும் இயந்திரங்களை வைத்திருப்போர் இரவிரவாக நீரை இறைக்கின்றனர். வாளியும் கயிறும் மட்டும் உடையோரின் கிணறுகள் முதலில் வற்றுகின்றன. பின்னர் ஊறும் சிறிது நீரும் உவர்க்கின்றது. முடிவில் ஒரு சிறுமி கிணற்றுக்கட்டில் ஏறி நின்று, வானத்திலே நீலப் புள்ளியாகத் தெரியும் பூமியைப் பார்த்து, அங்கே உள்ளவர்களுக்குத் தண்ணீரின் அருமை தெரியுமா என்று கேட்கிறாள். அத்துடன் கட்டுரை முடிந்திருந்தது. எழுத்துப் பிழைகள் மலிந்திருந்தன. லகர ளகர வேறுபாடு அவனுக்கு இன்னமும் கைவரவில்லை.

நான் தமிழைச் சிறப்புப் பாடமாகப் பயின்று பட்டம் பெற்றவன். இலக்கியம் வாழ்விலிருந்து பிறக்கிறது, வாழ்வை மாற்றுவதற்கு உதவுகிறது என்ற கோட்பாட்டை மாணவப் பருவத்தில் ஏற்றுக்கொண்டேன். இன்றும் அதனைக் கைவிடவில்லை. ஆயினும் கோட்பாடு ஒன்றை ஏற்றுக்கொள்வது வேறு, அதனை உரைகல்லாகப் பிரயோகிக்கத் தெரிந்திருப்பது வேறு. வயல், ஆலை, தோட்டம், குடிசை ஆகியன கதையில் வந்தால் அது யதார்த்தம். கிரகமும் விண்கலமும் வந்தால் அது வாழ்விலிருந்து தப்பியோடுதல்: இவ்வளவு எளிமையாகவே நான் கணக்குத் தீர்த்து வைத்திருந்தேன். விஞ்ஞானக் கதை என்றால் ஓய்வு நேரத்தில் வசதி படைத்தோர் வாசிக்கும் வெளிநாட்டுச் சரக்கு என்பதே என் எண்ணம். எழுத்து மாத்திரம் திருந்தினாற் போதுமென்றால் இவனுக்குப் பத்துப் புள்ளி கொடுத்திருப்பேன். எஞ்சிய இரண்டு புள்ளியும் செவ்வாய்க்காகக் குறைக்கப்பட்டவை.

அடுத்த ஆண்டு அவன் தொடர்ந்து இரண்டு வாரம் பாடசாலைக்கு வரவில்லை. விசாரித்து வருவதற்காக அவனுடைய ஊருக்குச் சென்றேன். கடலேரியை ஒட்டிய சிறு குடியிருப்பு. நண்பகல் வெயிலில் மிதிவண்டி உழக்கிச் சென்றமையால் நா வறண்டிருந்தது. குடிக்கத் தண்ணீர் கேட்டேன். காய்ச்சலிற் படுத்திருந்த தாயார் எழுந்து உட்கார்ந்து, "கிணத்துத் தண்ணி உப்புச் சேர், வாயில வைக்கேலாது. கொஞ்சம் பொறுங்கோ, பிள்ளை இப்ப கொண்டு வந்திடுவான்" என்றார். சிறிது நேரத்தில் அவன் மிதிவண்டியின் இரு புறமும் பிளாஸ்ரிக் கான்களைக் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தான். தண்ணீர்ப் பவுசர் வாரத்தில் இரண்டு நாள் வருமாம். வரும் நேரம் நிச்சயமில்லையாம். தாயார் நோயுற்ற நாளிலிருந்து வரிசையிற் காத்து நிற்பது அவன் வேலையாகிவிட்டது. பாடசாலைக்கு வராமைக்குக் காரணம் அதுவே. வீட்டின் பின்புறத்தில் ஒரு கிணறு இருந்தது. கல்லுக் கட்டிய பழைய கிணறு. அதன் கட்டிலே வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

அந்தக் கிணற்றை நான் முன்பே பார்த்திருக்கிறேன் என்ற உணர்வு எனக்கு உண்டாயிற்று. எங்கே பார்த்தேன் என்பது திரும்பி வரும் வழியிலேதான் நினைவுக்கு வந்தது. அது செவ்வாயில் இருந்த கிணறு.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றேனும் இல்லை. சுண்ணக்கற் பாறையின் வெடிப்புகளிலும் குழிகளிலும் தேங்கும் மழைநீர், அடியிலுள்ள உவர்நீரின் மேல் ஒரு வில்லையைப் போல மிதக்கிறது. மேலேயிருந்து அளவுக்கு மீறி இறைத்தால் கீழேயிருந்து உவர்நீர் ஏறும். கடலை ஒட்டிய இடங்களில் இஃது இன்னும் விரைவாக நிகழும். எவர் எவ்வளவு இறைக்கிறார் என்பது எவருடைய கிணறு முதலில் உவர்க்கும் என்பதையும் தீர்மானிக்கிறது. இதையே அவன் எழுதியிருந்தான். நான் "வாழ்வோடு தொடர்பற்றது" என்று எழுதினேன்.

ஆனால் ஒரு கேள்வி எஞ்சியது. தன் வீட்டுக் கிணற்றைப் பற்றி எழுதுவதற்கு இவன் ஏன் செவ்வாய்க்குப் போனான்? எங்கள் விஞ்ஞான ஆசிரியையிடம் கதையைச் சொன்னபோது அவர் சிரித்தார். "செவ்வாயில தண்ணிப் பஞ்சம் எண்டது பழைய கதை சேர். நூறு வருசத்துக்கு முந்தி ஐரோப்பா முழுக்க நம்பின கதை" என்றார். அந்தப் பழைய கதையைத் தேடிப் போனதிலிருந்து நான் கற்றுக்கொண்டவற்றை இனிக் கூறுகிறேன்.

1877ஆம் ஆண்டில் செவ்வாய், பூமிக்கு ஏறத்தாழ 56 மில்லியன் கிலோமீற்றர் அளவுக்கு அண்மித்து வந்தது. மிலான் நகர வானாய்வு நிலையத்தில் ஜியோவனி ஸ்கியாபரெல்லி என்ற இத்தாலிய வானியலாளர் 22 சென்ரிமீற்றர் வில்லை கொண்ட தொலைகாட்டியால் அதனைக் கூர்ந்து நோக்கிப் படம் வரைந்தார். கிரகத்தின் மேற்பரப்பில் மெல்லிய கோடுகள் தென்படுவதாக அவர் குறித்தார். அவற்றைக் "கனாலி" என்ற இத்தாலியச் சொல்லாற் பெயரிட்டார். அச்சொல்லுக்கு இரு பொருள் உண்டு. இயற்கையாக நீர் ஓடும் வழியையும் அது குறிக்கும். மனிதர் வெட்டும் கால்வாயையும் குறிக்கும். தமிழிற் சொல்வதானால் ஓடையும் அதுவே, வாய்க்காலும் அதுவே. ஆங்கிலத்திற்குச் சென்றபோது அது வாய்க்கால் ஆயிற்று. ஓடை தானாக உண்டாகும். வாய்க்கால் என்றால் வெட்டியவன் ஒருவன் இருக்க வேண்டும். ஒரு சொல்லின் பொருள் சற்றே சாய்ந்தமையால் ஒரு கிரகத்திற் குடிமக்கள் தோன்றிவிட்டனர்.

சொல்லை மாத்திரம் குறை கூறுவதும் தகாது. அக்காலத்தின் மனம் வாய்க்காலைக் காண்பதற்கு ஆயத்தமாக இருந்தது. சுயஸ் கால்வாய் 1869இல் திறக்கப்பட்டது. பனாமாவிற் பிரெஞ்சுக்காரர் 1881இல் வெட்டத் தொடங்கினர். ஓர் உயர்ந்த நாகரிகம் கிரகத்தின் முகத்தில் எதனை எழுதும் என்று கேட்டால், அன்றைய ஐரோப்பியனும் அமெரிக்கனும் கால்வாய் என்றே விடையிறுத்திருப்பான். பருத்தி ஆலைகளாற் பெருஞ் செல்வம் திரட்டிய பொஸ்ரன் நகரக் குடும்பம் ஒன்றில் வந்த பேர்சிவல் லோவல் என்பவர், தம் சொந்தப் பணத்தில் 1894இல் அரிசோனாவின் மேட்டு நிலத்தில் ஒரு வானாய்வு நிலையத்தை நிறுவினார். மறு ஆண்டு வெளிவந்த தமது நூலில் அவர் ஒரு முழுச் சித்திரத்தைத் தீட்டினார். செவ்வாய் வறண்டு இறந்துகொண்டிருக்கும் கிரகம். அதன் துருவங்களில் உருகும் பனிநீரை வெப்பப் பகுதிகளுக்குக் கொண்டு வருவதற்காக அங்குள்ள அறிவுடைய உயிர்கள் கிரகம் முழுவதையும் இணைத்து வாய்க்கால் வெட்டியிருக்கின்றன. இத்தகைய வேலையைச் செய்வதற்கு அவை போரைக் கைவிட்டு ஒன்றுபட்டிருக்க வேண்டும் என்றார்.

இதிலே ஒரு சொல்லும் உண்மையன்று. எனினும் இதன் ஒவ்வொரு படியிலும் தருக்கம் உண்டு. நீர் இல்லை, ஆகவே வாய்க்கால். வாய்க்கால் உலகளாவியது, ஆகவே ஒற்றுமை. ஒரு தரவிலிருந்து "இஃது இவ்வாறாயின், அடுத்து என்ன?" என்று படிப்படியாகக் கேட்டுச் செல்லும் இந்த முறையே பின்னர் விஞ்ஞானக் கதையின் முதுகெலும்பு ஆயிற்று என எண்ணுகிறேன். விஞ்ஞானி அவ்வாறு கேட்டபின் விடையைச் சோதிக்கக் கடமைப்பட்டவன். லோவல் தம் விடைமேற் காதல் கொண்டார். அது விஞ்ஞானத்திற்குக் கேடாயிற்று. கதாசிரியனுக்கோ அந்தக் கேள்வியே முதல்.

எச். ஜி. வெல்சின் "உலகங்களின் யுத்தம்" 1897இற் சஞ்சிகைத் தொடராகவும் 1898இல் நூலாகவும் வெளிவந்தது. செவ்வாயர் இங்கிலாந்தின்மீது படையெடுக்கும் கதை என்ற அளவிலேயே நான் அதனை அறிந்திருந்தேன். அதனை எழுதியவர் யார் என்பதை அறிந்தபோதுதான் வியப்புண்டாயிற்று. அவர் ஒரு சிறு கடைக்காரரின் மகன். தாயார் பிரபு வீடொன்றிற் பணிசெய்தவர். சிறு வயதிலேயே புடைவைக் கடையில் வேலை பழக விடப்பட்டு, அங்கிருந்து தப்பி, 1884இற் புலமைப்பரிசில் பெற்று இலண்டனில் விஞ்ஞானம் கற்கச் சென்றவர். அங்கே தாமஸ் ஹக்ஸ்லியிடம் உயிரியல் கற்றார். பரீட்சை ஒன்றினால் வாழ்க்கை திரும்பிய மாணவர்களை நாம் ஒவ்வொரு நாளும் வகுப்பறையிற் காண்கிறோம். வெல்ஸ் அவர்களுள் ஒருவர்.

அவருடைய நூலை அருகில் வைத்துக்கொண்டு பார்த்தால், அதன் மூலப்பொருள்கள் எங்கிருந்து வந்தன என்பதைக் கைவிரல்விட்டு எண்ணலாம். 1894 ஓகஸ்ட் 2ஆம் திகதி "நேச்சர்" என்ற விஞ்ஞான வார இதழில், செவ்வாயில் விசித்திரமான ஓர் ஒளி காணப்பட்டதாக ஒரு சிறு குறிப்பு வெளியாயிற்று. பிரான்சின் நீஸ் நகர வானாய்வு நிலையத்தில் யாவெல் என்பவர் கண்டது அது. வெல்ஸ் அந்த இதழின் திகதியையே தம் முதல் அத்தியாயத்திற் குறிப்பிடுகிறார். அந்த ஒளி, பூமியை நோக்கிச் சுடுவதற்காகச் செவ்வாயர் வார்த்த பெரும் பீரங்கியின் ஒளியாக இருக்கலாம் என்று கதையைத் தொடங்குகிறார். மீண்டும் ஒளி காணும் வானியலாளருக்கு "யாவாவிலுள்ள லவெல்" என்று பெயரிட்டு, உண்மைப் பெயரோடு சொல் விளையாட்டும் ஆடுகிறார். செவ்வாய் முதிர்ந்து குளிர்ந்த கிரகம் என்பது அன்றைய வானியற் கொள்கை. கதையின் முடிவில் மனிதரின் படைக்கலங்கள் அனைத்தும் தோற்றபின், நோய் எதிர்ப்பாற்றல் இல்லாத செவ்வாயரை எங்கள் மண்ணின் நுண்கிருமிகள் கொல்கின்றன. இதனை ஆசிரியர் வேறு வழியின்றிச் செய்த மாயம் என்று சிலர் கருதலாம். அது மாயமன்று, ஹக்ஸ்லியின் வகுப்பறையிலிருந்து வந்தது. பாஸ்தரும் கொக்கும் கிருமிகளைப் பற்றிக் கண்டறிந்தவை அன்று புதியனவாக இருந்தன.

இவை அனைத்தும் விஞ்ஞானம் தந்தவை. ஆயினும் அந்நூலை இன்றளவும் வாழவைப்பது வேறொன்று. வெல்சும் அவருடைய தமையனார் பிராங்கும் உரையாடிக்கொண்டிருந்தபோது, தாஸ்மேனியத் தீவின் ஆதிக்குடிகளை ஆங்கிலேயர் அழித்தமை பற்றிப் பேச்சு எழுந்தது. வேறொரு கிரகத்திலிருந்து எவரேனும் இறங்கி வந்து எங்களுக்கு அதனையே செய்தால் எப்படியிருக்கும் என்று தமையனார் கேட்டார். நூல் அவருக்கே காணிக்கையாக்கப்பட்டுள்ளது. முதல் அத்தியாயத்திலேயே, செவ்வாயரைக் கொடியவர் என்று தூற்றுமுன் தாஸ்மேனியருக்கு நாம் செய்ததை நினைத்துக்கொள்ளுமாறு வெல்ஸ் தம் நாட்டவரை இடித்துரைக்கிறார். ஏகாதிபத்தியத்தின் தலைநகரிலே, அதன் உச்சக் காலத்திலே, ஆள்பவனை ஆளப்படுபவனின் நிலையிற் கொண்டுபோய் நிறுத்திய கதை அது. இலண்டன் வாசகனிடம் தாஸ்மேனியாவைப் பற்றி நேராக எழுதியிருந்தால் அவன் பக்கத்தைப் புரட்டியிருப்பான். செவ்வாய் வழியாகச் சுற்றி வந்தமையால் அவன் தன் வீட்டு வாசலிலேயே அதனைக் கண்டான்.

இதனைப் படித்தபோதே என் மாணவன் ஏன் செவ்வாய்க்குப் போனான் என்பது எனக்கு விளங்கத் தொடங்கியது. பெரிய இயந்திரம் வைத்து இறைப்பவர்கள் யார் என்பது ஊருக்குத் தெரியும். அவர்களுடைய பிள்ளைகளும் அதே வகுப்பில் இருந்தனர். பெயர் குறித்து எழுத இயலாத ஒன்றை அவன் வேறு கிரகத்தில் வைத்து எழுதினான்.

செவ்வாயின் அதே வாய்க்கால்களிலிருந்து முற்றிலும் வேறொரு கதையும் பிறந்தது. அலெக்சாந்தர் பொக்டானவ் வைத்தியர், போல்சுவிக் புரட்சியாளர். 1905ஆம் ஆண்டுப் புரட்சி தோல்வியுற்றபின், 1908இல் அவர் "செந்தாரகை" என்ற நாவலை எழுதினார். ரஷ்யப் புரட்சியாளன் ஒருவனைச் செவ்வாயர் தம் கிரகத்திற்கு அழைத்துச் செல்கின்றனர். அங்கே பொதுவுடைமைச் சமுதாயம் நிலைபெற்றிருக்கிறது. எந்தத் தொழிலில் எத்தனை பேர் தேவை என்பதைக் கணக்கிட்டு அறிவிக்கின்றனர்; விரும்பியோர் விரும்பிய வேலைக்குச் செல்கின்றனர். லோவல் வாய்க்காலைக் கண்டு பொறியியலாளரை நினைத்தார். பொக்டானவ், அதனை வெட்டியவர் யார், அவர்கள் எத்தகைய உறவுகளில் வாழ்ந்து வெட்டினர் என்று கேட்டார். பின்னர் எழுதிய "பொறியியலாளர் மென்னி" என்ற நாவலில், அந்த வாய்க்கால்கள் வெட்டப்பட்ட பழைய காலத்தையும் அங்கு மடிந்த தொழிலாளரையும் அவர்களின் போராட்டங்களையும் காட்டினார்.

இவ்வளவு கூறியபின் ஒன்றை மறைத்தல் நேர்மையாகாது. "செந்தாரகை" வெறும் பொன்னுலகக் கனவன்று. அந்தச் சமுதாயத்திலும் வளங்கள் குறைந்துகொண்டு வருகின்றன. பூமியைக் கைப்பற்றி மனிதரை ஒழித்துவிடலாம் என்று ஸ்தேர்னி என்ற அறிஞன் புள்ளிவிபரங்களோடு வாதிடுகிறான். நெத்தி என்ற பெண் வைத்தியர் அதனை எதிர்த்து வாதாடி வெல்கிறாள்; அவர்கள் வெள்ளிக் கிரகத்தை நோக்கித் திரும்புகின்றனர். தம் இலட்சியச் சமுதாயத்திற்குள்ளேயே இத்தகைய கேள்வியை எழுப்புவதற்கு ஆசிரியருக்குத் துணிவு வேண்டும். எங்கள் முற்போக்கு எழுத்துகளில் எத்தனை, தாம் நேசிக்கும் பக்கத்தை நோக்கி இவ்வாறு கேள்வி கேட்டுள்ளன?

செவ்வாயர் ஒருவர்க்கொருவர் குருதியை மாற்றிக்கொண்டு ஆயுளை நீட்டிக்கின்றனர் என்றும் அந்நாவலிற் பொக்டானவ் எழுதியிருந்தார். அவர் அதனைக் கதையோடு விட்டுவிடவில்லை. 1926இல் மொஸ்கோவிற் குருதி மாற்றீட்டுக்கான நிறுவனம் ஒன்றை அமைத்தார். 1928இல், நோயுற்றிருந்த மாணவன் ஒருவனோடு குருதியை மாற்றிக்கொண்ட பரிசோதனையின் விளைவாக உயிர்நீத்தார். விஞ்ஞானத்திலிருந்து கதையும் கதையிலிருந்து விஞ்ஞானமுமாக அவர் வாழ்வு சென்றது.

இனி உண்மையின் பக்கம் வருவோம். வாய்க்கால்கள் எவ்வாறு மறைந்தன என்ற வரலாற்றில் ஓர் ஆசிரியனாகிய எனக்கு மிகவும் பிடித்த பகுதி ஒரு வகுப்பறையில் நிகழ்ந்தது. கிரீனிச் வானாய்வு நிலையத்தைச் சேர்ந்த வோல்ற்றர் மோண்டர், அங்கிருந்த பாடசாலை ஒன்றின் தலைமையாசிரியரான எவன்சுடன் சேர்ந்து 1903இல் ஒரு பரிசோதனையை வெளியிட்டார். வாய்க்கால் எதுவும் வரையப்படாத செவ்வாய்ப் படமொன்றை வகுப்பின் முன்னே வைத்து, வெவ்வேறு தூரங்களில் இருந்த சிறுவர்களை அதனைப் பார்த்து வரையச் செய்தனர். அருகில் இருந்தோர் உள்ளபடி வரைந்தனர். மிகத் தொலைவில் இருந்தோருக்கு நுணுக்கம் எதுவும் தெரியவில்லை. இடையில் இருந்தோரோ, படத்தில் இல்லாத நேர்க்கோடுகளை வரைந்தனர்! பிரித்தறிய இயலாத சிறு புள்ளிகளையும் திட்டுகளையும் கண் தானாகவே கோடாக இணைத்துவிடுகிறது என்று அவர்கள் காட்டினர். 1907இல் அல்பிரட் ரசல் வாலஸ் ஒரு நூல் எழுதினார். இயற்கைத் தேர்வுக் கொள்கையை டார்வினோடு சேர்ந்து வெளியிட்டவர் அவர், சமவுடைமைவாதி, அப்போது அவருக்கு வயது 84. செவ்வாயின் குளிருக்கும் மெல்லிய வளிமண்டலத்துக்கும் திறந்த வாய்க்காலில் நீர் ஓடாது, அங்கு எவரும் வாழ இயலாது என்று அவர் நிறுவினார். 1909இற் பாரிசுக்கு அருகே மெடோனில், 83 சென்ரிமீற்றர் தொலைகாட்டியால் அந்தோனியாதி நோக்கியபோது கோடுகள் சிதறிய திட்டுகளாயின. 1965 யூலையில் "மரினர் 4" விண்கலம் செவ்வாயின் அருகாற் சென்று இருபத்தொரு படங்களை அனுப்பியது. சந்திரனிற் போன்ற பள்ளங்களே தெரிந்தன. வாய்க்கால் எதுவும் இல்லை.

அப்படியானால் வெல்சும் பொக்டானவும் பொய்த்துவிட்டனரா? இல்லை. அவர்கள் செவ்வாயைப் பற்றி எழுதவில்லை; செவ்வாயைக் கொண்டு எழுதினர். ஆயினும் இதனைச் சொல்லி விஞ்ஞானக் கதாசிரியனுக்கு உண்மை தேவையில்லை என்று முடிவுகட்டுவதும் தவறு. அவர்கள் தத்தம் காலத்தில் அறியப்பட்ட உண்மைக்கு இயன்றவரை நெருங்கி நின்றே எழுதினர். வாய்க்கால் இல்லை என்று அறிந்தபின் அதே கதையை மீண்டும் எழுதுபவன் பின்தங்கியவன். விண்கலங்கள் அனுப்பிய படங்களின் பின்னர் வந்த எழுத்தாளர் புதிய செவ்வாயிலிருந்து புதிய கதைகளைப் படைத்தனர். கிம் ஸ்ரான்லி ரொபின்சன் 1992இல் வெளியிட்ட "சிவப்புச் செவ்வாய்" அவற்றுள் ஒன்று. அங்கே பழைய வாய்க்கால்கள் இல்லை. நிலமும் நீரும் எவருக்குரியவை என்ற பழைய கேள்வி மாத்திரம் இருக்கிறது.

உண்மைக்கு எவ்வளவு மதிப்பளிக்க வேண்டும் என்பதற்கு எங்கள் தீவோடு தொடர்புடைய உதாரணம் ஒன்று உண்டு. ஆர்தர் சி. கிளார்க் 1956 முதல் 2008இல் இறக்கும்வரை இலங்கையில் வாழ்ந்தவர். 1960இல் லெனின்கிராட் நகரத்துப் பொறியியலாளர் யூரி அர்த்சுத்தானவ் ரஷ்யச் செய்தித்தாள் ஒன்றில் ஒரு கருத்தை வெளியிட்டார். மத்திய கோட்டிற்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்திற் பூமியோடு சேர்ந்து சுழலும் செய்மதியிலிருந்து நிலம்வரை ஒரு கயிற்றைத் தொங்கவிட்டால், அதன் வழியே விண்வெளிக்கு ஏறலாம் என்பது அக்கருத்து. கிளார்க் அதனைக் கொண்டு 1979இற் "சொர்க்கத்தின் நீரூற்றுகள்" என்ற நாவலை எழுதினார். சிகிரியாவையும் சிவனொளிபாதமலையையும் நினைவூட்டும் இடங்கள் அதில் வருகின்றன. ஆனால் ஓர் இடையூறு: அந்தக் கயிறு இறங்குவதற்கு உரிய இடம் மத்திய கோடு, இலங்கையோ அதற்கு வடக்கே உள்ளது. கிளார்க் பௌதிக விதியை வளைக்கவில்லை. தீவையே 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்திவிட்டு, அவ்வாறு நகர்த்தியதை முன்னுரையில் ஒப்புக்கொண்டார். எதனை மாற்றலாம், எதனை மாற்றலாகாது என்ற ஒழுங்கு இதில் இருக்கிறது. மாயக் கதைக்கும் விஞ்ஞானக் கதைக்கும் உள்ள வேறுபாட்டை எவரேனும் என்னிடம் கேட்டால், இந்தச் சம்பவத்தையே கூறுவேன்.

எங்கள் பாடசாலைகளில் விஞ்ஞானப் பாடம் ஓர் அறையிலும் தமிழ்ப் பாடம் மற்றோர் அறையிலும் நடக்கின்றன. இடையிற் சுவர் உண்டு. விஞ்ஞானம் அங்கே பரீட்சைக்கு மனனஞ் செய்யும் விடையாகவும், தமிழ் இங்கே நயம் பாராட்டும் பழைய செய்யுளாகவும் குறுகிவிடுகின்றன. வறிய வீட்டுப் பிள்ளை இரண்டுக்கும் வெளியே நிற்கிறான். அவனுக்கு நீர் ஏன் உவர்க்கிறது என்ற கேள்வி உண்டு; அக்கேள்வி எந்த அறைக்கும் உரியதன்று. வெல்சுக்கு ஒரு ஹக்ஸ்லி கிடைத்தார். என் மாணவனுக்கு நான் கிடைத்தேன். இதனை எழுதும்போது எனக்கு வெட்கமாகவே இருக்கிறது.

சென்ற தவணையில் விஞ்ஞான ஆசிரியையும் நானும் ஒரு சிறு முயற்சி செய்தோம். இரண்டு பாடவேளைகளைச் சேர்த்துக்கொண்டு, முதல் வேளையில் அவர் ஓர் உண்மைச் சம்பவத்தை விளக்குவார். இரண்டாம் வேளையில், "இஃது இவ்வாறாயின், அடுத்து என்ன நிகழும்? எவருக்கு நிகழும்?" என்ற இரு கேள்விகளை மாத்திரம் நான் கரும்பலகையில் எழுதுவேன். மாணவர் கதை எழுதுவர். கதைகள் யாவும் சிறந்தன என்று கூறமாட்டேன். பல, தொலைக்காட்சியிற் கண்டவற்றின் பிரதிகள். ஆயினும் வைத்தியக் கனவுகளும் பொறியியற் கனவுகளும் சற்றுக் குறைந்திருந்தன. "எவருக்கு நிகழும்?" என்ற கேள்வியை ஒரு மாணவி தானாகவே அடுத்த கட்டுரையிலும் மேலே எழுதிவைத்துக்கொண்டாள்.

அவனைக் கூப்பிட்டு, அந்தப் பழைய கட்டுரையை மீண்டும் பார்க்க விரும்புகிறேன், கொப்பியைக் கொண்டு வா என்றேன். "அது இப்ப இல்லை சேர்" என்றான். என்னவாயிற்று என்று கேட்டேன். அடுப்பு மூட்ட எடுத்துவிட்டார்கள் என்றான். நான் இட்ட எட்டுப் புள்ளியைத் திருத்த இனி வழியில்லை. நான் எழுதியது பிழை என்று அவனிடம் வாய்விட்டுச் சொன்னேன். அவன் தலையைக் குனிந்துகொண்டு நின்றான். ஆசிரியர் பிழையை ஒப்புக்கொள்ளும்போது மாணவன் என்ன செய்ய வேண்டும் என்று எவரும் அவனுக்குக் கற்பித்திருக்கவில்லை.

ஆனால் இரண்டு நாள் கழித்து ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றான். "சேர், செவ்வாயில கிணறு வெட்டினா என்ன வரும்?" என்று கேட்டான். எனக்குத் தெரியவில்லை. இருவருமாக விஞ்ஞான ஆசிரியையிடம் சென்றோம். 2008இல் "பீனிக்ஸ்" என்ற விண்கலம் செவ்வாயின் வடதுருவத்தை அண்டிய நிலத்தில் இறங்கி மண்ணைச் சுரண்டியதையும், சில சென்ரிமீற்றர் ஆழத்திலேயே வெள்ளைக் கட்டிகள் தெரிந்ததையும், நான்கு நாட்களில் அவற்றிற் சில உருகாமலே ஆவியாகி மறைந்தமையால் அவை பனிக்கட்டி என்று உறுதியானதையும் அவர் விளக்கினார். அவன் சிறிது நேரம் யோசித்தான்.

"அப்ப அங்க கிணத்தை மூடித்தான் வைக்கோணும்" என்றான். "யார் மூடி வைச்சிருக்கினம் எண்டதிலதான் சேர் கதை."

புதிய கொப்பி ஒன்றை வாங்கிக் கொடுத்திருக்கிறேன். எழுதிக்கொண்டிருக்கிறான். லகர ளகரம் இன்னமும் தகராறுதான்.